புல்லையும் கணக்கில் எழுதுங்கள்: வனத்துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு வனத்துறை உயர் அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன வருஷம் சித்தப்பாவை நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் கூட்டிப்போயிருந்தேன். எதிரே இருந்த புல் மலையைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு இடம் மொட்டையாக் கிடக்குதே, நாலு மரம் வைக்கக் கூடாதா?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது, மரம்தான் காடு என்று பள்ளிக்கூடத்திலிருந்தே நமக்குப் பழக்கிவிட்டார்கள். ஆனால் அரசாங்கக் கணக்கும் அப்படியே நினைப்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

நீலகிரியில் உள்ள முக்கூர்த்தி தேசியப் பூங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 78.46 சதுர கிலோமீட்டர், அவ்வளவுதான். அதில் பெரும்பகுதி புல்வெளி, மலை மடிப்புகளில் மட்டும் திட்டுத் திட்டாகச் சோலை எனப்படும் குட்டை மரக் காடு. மேட்டில் அடிக்கிற காற்றும் உறைபனியும் சோலை மரக் கன்றுகளை எளிதில் எழும்ப விடாது, அதனால் அங்கே புல்தான் மலைக்குச் சொந்தக்காரன். நம் மாநில விலங்கான வரையாடு மேய்வது அந்தப் புல்லை. நீலகிரி நெட்டைக்காலி என்ற சின்னப் பறவை கூடு கட்டுவதும் அதில்தான். பைக்காரா ஆறு முக்கூர்த்திச் சிகரத்தில் பிறந்து, மோயாறாகிப் பவானியில் சேர்ந்து காவிரிக்குப் போகிறது. மழையைக் குடித்து வைத்துக் கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது அந்தப் புல்லும் பள்ளத்துச் சதுப்பும்தான். தோடர்கள் கோயில் கூரைக்குப் புல் எடுப்பதும் இந்தச் சதுப்புகளில்தான், இதையெல்லாம் நாம் அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஆஸ்திரேலியச் சீகை மரத்தை (வாட்டில்) கொண்டுவந்து நட்டது முன்பிருந்த அரசாங்கங்கள்தான், விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும். அப்புறம் அது தானாகவே பரவிக்கொண்டது. வெட்டினால் போய்விடுமா என்றால், மண்ணுக்குள் கிடக்கும் விதை பல பத்தாண்டுகள் உயிரோடு காத்திருக்கும். வெட்டி வெயில் பட்டதும் கூட்டமாக முளைத்துவிடும்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். 2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் இலக்கு, அப்போது 23.7 சதவீதமாக இருந்த காடு மற்றும் மரப் பரப்பை 33 சதவீதமாக்குவது. சமவெளிக்கு நல்ல திட்டம், எதிர்க்கவில்லை. ஆனால் இந்திய வன அளவையில் ஒரு ஹெக்டேருக்குக் குறையாத இடத்தில் 10 சதவீத மர நிழல் இருந்தால் காடு, என்ன மரம் என்று கேட்பதில்லை. அதாவது சீகைத் தோப்பும் காடு! அதை நீங்கள் பாடுபட்டு அகற்றிப் புல்லை மீட்டால், செயற்கைக்கோள் படத்தில் காடு குறைந்ததாகத் தெரியும். சரியான வேலையைச் செய்த ரேஞ்சருக்குத் தாளில் கெட்ட பெயர்.

வரையாட்டுத் திட்டத்துக்கு 25.14 கோடி ஒதுக்கினீர்கள், அதற்கு மனமார்ந்த நன்றி. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள், அடுத்த ஆண்டு 1,303. கூடுதல் இடங்களில் எண்ணியதும் இதில் சேர்த்திதான் என்றாலும் சந்தோஷமான சேதி. ஆனால் மேயப் புல் இல்லாமல் எண்ணிக்கை எத்தனை நாள் ஏறும்?

ஆகவே கேட்பது இதுதான். 33 சதவீத இலக்கிலிருந்து சோலைப் புல்வெளிகளை எழுத்துப்பூர்வமாக விலக்குங்கள். ஆண்டறிக்கையில் நட்ட மரங்களுக்குப் பக்கத்தில், மீட்ட புல்வெளி எத்தனை ஹெக்டேர் என்று ஒரு பத்தி சேருங்கள். அந்த அளவை வெட்டிய அன்று எடுக்க வேண்டாம், ஐந்து வருஷம் கழித்து, சீகைக் கன்றுகளைத் திரும்பத் திரும்பப் பிடுங்கி, மலைப் புல் வேர் பிடித்த பிறகு எடுங்கள். அந்த ஐந்து வருஷக் களையெடுப்புக்கும் புல் நாற்றங்காலுக்கும் சேர்த்தே பணம் ஒதுக்குங்கள், டெண்டர் வெட்டுவதோடு முடிந்துவிடக் கூடாது. எங்கே எந்தப் புல் வரும் என்பதைத் மந்து எனப்படும் தோடர் குடியிருப்புகளில் கேட்டு, கூலி கொடுத்து, அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஆண்டறிக்கையில் அந்தப் பத்தியைத் தேடிப் பார்ப்பேன்.

இப்படிக்கு,
மலைக்கு அடிக்கடி வந்துபோகும் ஒருவன்