மேற்கே இடிக்கிறது

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக உன் அக்கா சொன்னாள். சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல்.

நேற்று ராத்திரி ஒரு குரல் பதிவு அனுப்பினாயே, "சென்னையில் செம மழைடா, பஜ்ஜி போடுறோம்" என்று. அதைக் கேட்டபோது நான் டார்ச்சோடு வரப்பில் நின்றிருந்தேன். ஆற்றோரத்து வயல் முழுக்கக் குறுவை நெல் முற்றி நிற்கிறது. மேற்கே தஞ்சாவூர்ப் பக்கம் விட்டுவிட்டு மின்னல் வெளுத்துக்கொண்டிருந்தது. உன் பஜ்ஜியைப் பற்றி அப்போது நான் சொன்னதைக் கடிதத்தில் எழுத முடியாது.

எங்கள் பாடு இதுதான். ஊரே வெயிலைத் திட்டுகிறது. ஆவணி முடிந்தும் பகலில் 37 டிகிரி, ராத்திரியில் மின்விசிறிக் காற்றும் அனல். நான் மட்டும் இன்னும் ஒரு வாரம் இப்படியே காயட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். நெல் அறுத்துக் காய வேண்டுமே! ஆனால் அதே வெயில்தான் சாயங்காலம் மேகமாகத் திரும்பி வருகிறது. உச்சிப்பொழுதில் தரை கொதிக்கிறது, மதியத்துக்கு மேல் நாகப்பட்டினம் பக்கமிருந்து ஈரமான கடல்காற்று உள்ளே நுழைகிறது, மேற்கேயிருந்து வரும் மேல்காற்றோடு மோதி மேலே எழும்புகிறது. டிவியில் வெப்பச்சலனம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் கட்டும் மேகத்தை உயரத்தில் வீசும் மேலைக்காற்று ராத்திரிக்குள் நம் தலைக்குத் தள்ளிவிடுகிறது.

இப்போதெல்லாம் நான் நம்மூர் வானத்தைவிடக் கேரளாவைத்தான் பார்க்கிறேன். அங்கே பருவமழை கொட்டினால் மேல்காற்று பலமாக இருக்கும், கடல்காற்றை உள்ளே விடாது, நமக்கு வறட்டுச் சூடு. அங்கே மழை ஓய்ந்தால் போச்சு, இங்கே இடி. இந்த வாரம் அங்கே ஓய்ந்திருக்கிறது.

வானிலை அறிக்கையில் தினமும் "ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய மழை". மழை அளக்கும் நிலையங்களில் கால்வாசிக்குள் பெய்தால் அப்படிச் சொல்வார்களாம். அந்தக் கால்வாசியில் என் வயல் உண்டா என்பதுதானே என் கேள்வி? அவர்களைத் திட்டியும் பயனில்லை. போன வாரம் மன்னார்குடியில் சாலையெல்லாம் தண்ணீர், எங்கள் தெருவில் புழுதி. ஒரு இடிமேகம் சில கிலோமீட்டர் அகலம்தான், அது எந்த ஊரில் கொட்டும் என்று முதல்நாளே எவனும் சொல்ல முடியாது. காரைக்கால் ரேடாரில் மேகம் தெரிந்த பிறகு நமக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு மணி நேரம். அதற்குள் களத்தில் கிடப்பதை மூடலாம், நிற்கும் கதிரை என்ன செய்ய?

அறுவடை மெஷின்காரன் வெள்ளிக்கிழமை என்கிறான். அதற்குள் பெய்து வயல் சேறானால் டயர் வண்டி இறங்காது, பெல்ட் வண்டிதான். வாடகையும் கூட, சேற்றில் ஊர்ந்து போவதால் மணியும் கூட. காற்றில் கதிர் சாய்ந்து தண்ணீரில் கிடந்தால் முளைத்தே விடும். தப்பித்து அறுத்தாலும் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு மழை நனைந்தால் 20-ஐத் தாண்டிவிடுகிறது, பிறகு ரோட்டில் கொட்டிக் கிளறிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். வேடிக்கை என்னவென்றால், பக்கத்து வயலில் சம்பா நாற்று விட்டிருக்கும் பெரியப்பா இதே மழைக்கு மாரியம்மனிடம் நேர்ந்திருக்கிறார். அம்மன் யார் பக்கம் என்று தெரியவில்லை. அவர் கையில் உண்டியல் காசு அதிகம்.

இன்னொன்று, இதைச் சிரிக்காமல் படி. வயல் நெடுகப் பெண்கள் களை பறிக்கிறார்கள், நடவு நடுகிறார்கள். சுற்றிலும் ஒதுங்க ஒரு கட்டடம் கிடையாது. போன வருஷம் பக்கத்து ஊரில் புளியமரத்தடியில் கட்டியிருந்த இரண்டு மாடுகளும் ஒரே மின்னலில் போயின. மழை என்றால் நம்ம ஆட்கள் ஓடுவதும் அந்த மரத்தடிக்குத்தான். பனைமரம் இடியைத் தாங்கிக்கொள்ளும் என்கிறார் பெரியப்பா. தாங்கும், பக்கத்தில் நிற்பவனையும் சேர்த்து எரித்துவிட்டு. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 நொடி எண்ணுவதற்குள் சத்தம் கேட்டால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உடனே கரையேற வேண்டும், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் இறங்கக்கூடாது. சொன்னால், "அரைநாள் கூலி யார் தருவா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. என் வயலில் மேற்கே கருத்தால் முழுக் கூலியோடு அனுப்பிவிடுகிறேன். மற்றவர்களிடம் சொல்லிப் பார்த்தேன், என்னைப் பெரிய மனுஷன் ஆகிவிட்டதாகக் கிண்டல் செய்கிறார்கள்.

இந்தச் சூடு நிஜமாகத் தணிய ஐப்பசி வர வேண்டும். நடுவே ஒரு மழை பெய்தால் கால் மணி நேரத்தில் ஏழெட்டு டிகிரி இறங்கும், ஆனந்தமாகத் தூங்குவோம். மறுநாள் பத்து மணிக்கே முன்னைவிடப் புழுக்கம்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறாய் என்றால் காலையிலேயே வந்து சேர். வரும்போது பாரிமுனையில் 30-க்கு 20 அடியில் இரண்டு தார்ப்பாய் வாங்கி வா. கெட்டியானதாகப் பார், விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

அன்புடன்,
ராஜா