காவலில் பட்ட காயத்துக்குக் காவலரே கணக்குச் சொல்லட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காவல்துறையின் பிடியில் இருப்பவரைச் சித்திரவதை செய்வதைத் தடுக்க நம் நாட்டில் இன்றுவரை தனிச் சட்டம் இல்லை. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997 அக்டோபரிலேயே கையெழுத்திட்டது. அதை நடைமுறைக்குக் கொண்டுவருவதற்கான மசோதா 2010 மே மாதம் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையின் தேர்வுக் குழுவுக்குப் போய், 2014இல் மக்களவை கலைந்தபோது காலாவதியானது. 2017இல் சட்ட ஆணையம் தனது 273ஆவது அறிக்கையோடு புதிய வரைவு மசோதாவையே எழுதிக் கொடுத்தும் அது கிடப்பில்தான் கிடக்கிறது.

வாக்குமூலம் வாங்குவதற்காக அடிப்பவருக்கு ஏழாண்டு வரையிலும், கொடுங்காயம் விளைவித்தால் பத்தாண்டு வரையிலும் சிறை என்று இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 120ஆவது பிரிவு சொல்கிறதே, பிறகு தனிச் சட்டம் எதற்கு என்று கேட்கலாம். தண்டனை ஏட்டில் இருக்கிறது. அடித்ததை யார் நிரூபிப்பது என்பதுதான் சிக்கல். பூட்டிய அறைக்குள் நடப்பதைப் பார்ப்பவர்கள் அதே நிலையத்தில் பணிபுரிபவர்கள் மட்டுமே. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் உயிரிழந்த வழக்கில் ஒரு பெண் தலைமைக் காவலர் அச்சத்தை மீறி நீதித்துறை நடுவரிடம் உண்மையைச் சொன்னார். அந்த நிலையத்தின் கண்காணிப்புக் கேமராப் பதிவுகளோ அன்றாடம் அழிந்துபோகும்படி அமைக்கப்பட்டிருந்தன. எல்லா வழக்கிலும் அப்படியொரு பெண்மணி கிடைப்பார் என்று எப்படி நம்புவது?

ஆகவே, காவலில் இருந்தவரின் உடலில் காயம் இருந்தால் அதைக் காவலரே ஏற்படுத்தியதாக நீதிமன்றம் அனுமானிக்கலாம், இல்லையென்று காட்டும் பொறுப்பு காவலருடையது என்ற விதிதான் இனி வர வேண்டிய சித்திரவதைத் தடுப்புச் சட்டத்தின் உயிர்நாடியாக இருக்க வேண்டும். இது புதிய யோசனையும் அல்ல; 1985இல் 113ஆவது அறிக்கையில் சட்ட ஆணையம் பரிந்துரைத்து, 2017இல் மறுபடியும் வலியுறுத்தியதுதான். சாட்சியச் சட்டத்தையே மாற்றி எழுதி 2024 ஜூலையில் நடைமுறைக்குக் கொண்டுவந்தபோதும் இதற்கு இடம் தரப்படவில்லை என்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. 2010 மசோதாவில் இருந்த, ஆறு மாதத்துக்குள் புகார் செய்ய வேண்டும் என்ற வரம்பும், வழக்குத் தொடர அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற நிபந்தனையும் புதிய சட்டத்தில் இருக்கவே கூடாது.

நம் பக்கத்துத் தவறையும் சொல்லியாக வேண்டும். கைதானவர் குளியலறையில் வழுக்கி விழுந்து கை முறிந்ததென்று மாவுக்கட்டுடன் படம் வரும்போது, குற்றவாளிக்கு நல்ல பாடம் என்று நம்மில் பலர் மகிழ்கிறோம். அவர் குற்றவாளி என்று அதுவரை எந்த நீதிமன்றமும் சொல்லியிருப்பதில்லை. 2025 ஜூனில் திருப்புவனத்தில் போலீஸ் விசாரணையில் உயிரிழந்த மடப்புரம் கோயில் காவலாளி, நகை காணவில்லை என்ற புகாருக்காக அழைத்துச் செல்லப்பட்டவர். அவர் மீது எந்தக் குற்றமும் நிரூபிக்கப்பட்டிருக்கவில்லை.

தமிழக நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி வேறுபாடு பாராமல், வரும் கூட்டத்தொடரிலேயே இம்மசோதாவைக் கொண்டுவரும்படி ஒன்றிய அரசை வற்புறுத்த வேண்டும். குற்றவியல் சட்டம், ஒன்றியமும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலில் இருப்பதால், டெல்லி தாமதித்தால் தமிழகச் சட்டப்பேரவையே இத்தகைய சட்டத்தை இயற்றி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோவில்பட்டி.