மீனாவாக வெட்டாதீர்கள், மீனாட்சியாகவே எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெண் குழந்தைகளுக்கான பெயர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை மீனாட்சி, காமாட்சி, விசாலாட்சி மூன்றையும் ‘பாட்டி பெயர்கள்’ என்று ஓரங்கட்டியது. ‘மீனா’, ‘விஷாலி’ என்று சுருக்கிப் பதிவு செய்துவிடலாம் என்று யோசனையும் சொன்னது. மற்ற இரண்டு பெயர்களுக்காகவும் வாதாட ஆட்கள் இருப்பார்கள். மீனாட்சிக்காக மட்டும் இந்தக் கடிதம். சொல்ல வருவது ஒன்றுதான்: சுருக்கிக் கூப்பிடுவதை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள், சான்றிதழில் முழுப் பெயரையே எழுதுங்கள்.

யாப்பு தெரிந்தவர்கள் அலகிட்டு, அதாவது அசை பிரித்துப் பார்க்கலாம். மீ / னாட் / சி, நேர் நேர் நேர். மூன்று அசை உள்ள தேமாங்காய். ‘மீனா’ என்று வெட்டினால் மிஞ்சுவது இரண்டே அசை, வெறும் தேமா. முதல் இரண்டு அசையும் நெடில் என்பதால் தெருமுனையிலிருந்து கூப்பிட்டாலும் பெயர் சிதையாமல் போய்ச் சேரும். கடைசி ‘சி’யை ‘மீனாட்சீ’ என்று இழுத்து விளிக்கவும் வாகாக இருக்கும். பேச்சில் ‘மீனாச்சி’ ஆகிவிடுவதையும் குறையாகச் சொல்ல முடியாது. வாயில் புழங்கும் பெயருக்கெல்லாம் நடப்பதுதான் அது.

மீனா, மீனு, மீனாள், மீனம்மா என்று இந்த ஒரு பெயரிலிருந்து எத்தனை அழைப்புப் பெயர்கள் வேண்டுமானாலும் எடுக்கலாம். செட்டிநாட்டில் ‘மீனாள்’ தனிப் பெயராகவே பதிவாகிறது. மீனாம்பாள், மீனலோசனி, சுந்தரமீனாட்சி என்று பக்கத்துப் பெயர்களும் உண்டு. வடமொழி வேண்டாம் என்பவர்களுக்குக் கயல்விழி இருக்கிறது. இன்னும் பழையது வேண்டுமென்றால் சம்பந்தர் தேவாரத்தில் அங்கயற்கண்ணி இருக்கிறாள். ஆனால் பதிவேட்டில் ‘மீனா’ என்று எழுதிவிட்டுப் பிறகு மீனாட்சிக்கு நீட்டுவது நடக்காத காரியம். பெரிய பெயரிலிருந்து சின்னதை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர் என்ற வழக்கம் சோம்பலால் வந்ததல்ல. முதல் பெண்ணுக்கு அப்பத்தா பெயரை விடுவது செட்டிநாட்டு வீடுகளில் முறை. வேறு பல குடும்பங்களிலும் உண்டு. மாமியார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது. அந்தப் பெயர் சொந்த மகளுக்கே வந்துவிட்டால் எப்படிக் கூப்பிடுவது, எப்படித் திட்டுவது? அதனால்தான் ‘பாப்பா’, ‘குட்டி’, ‘சின்னம்மா’ என்று கூப்பிடும் பெயர் தனியாக வந்தது. எழுதும் பெயர் எழுதும் பெயராகவே நின்றது. அந்த ஏற்பாட்டில் இன்றைக்கும் பழுதில்லை.

‘பழைய பெயர், அடக்க ஒடுக்கமான பெயர்’ என்று கட்டுரை வைத்த எண்ணத்துக்கும் மீனாட்சி பொருந்த மாட்டாள். திருவிளையாடலில் தடாதகை என்ற பெயரில் வரும் அவள் முடிசூடித் திக்குவிஜயம் போன பிறகுதான் கல்யாணமே. மதுரைக் கோயிலில் முதலில் அம்மன் சன்னதிக்குப் போய்விட்டுத்தான் சொக்கரிடம் போவார்கள். சித்திரை முதல் ஆடி வரை நான்கு மாதம் அம்மன் ஆட்சி, ஆவணியிலிருந்து பங்குனி வரை சுவாமி ஆட்சி என்பது ஐதீகம். ‘உங்க வீட்டுல மதுரையா, சிதம்பரமா?’ என்ற கேலிக்கும் மூலம் அவள்தான். (அந்தச் சிதம்பரத்திலேயே 1920இல் அண்ணாமலைச் செட்டியார் தொடங்கிய கல்லூரிக்கு மீனாட்சி கல்லூரி என்றுதான் பெயர். 1929இல் அது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குள் போனது.) 1730களில் மதுரையை ஆண்ட நாயக்க அரசியின் பெயரும் மீனாட்சி. 2017இல் களரிப்பயட்டுக்காகப் பத்மஸ்ரீ வாங்கிய வடகரை மீனாட்சியம்மா எழுபது வயதைக் கடந்தும் வாளும் கேடயமும் சுழற்றியவர். ஆண்களும் இந்தப் பெயரை விடவில்லை. உ.வே.சாமிநாதையரின் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876). மதுரைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் தெ.பொ.மீனாட்சிசுந்தரனார். தெ.பொ.மீ. என்ற சுருக்கத்தில் நிற்கும் ‘மீ’ அம்மனுடையது.

நட்சத்திர எழுத்துப் பார்ப்பவர்கள் கவனத்துக்கு: மகம் நட்சத்திரத்தின் நான்கு பாதங்களுக்கும் ம, மி, மு, மெ என்று எழுத்துகள் வரும். இரண்டாம் பாதத்தில் பிறந்த பெண்ணுக்கு மீனாட்சி நேராகப் பொருந்தும்.

இனிச் சான்றிதழ். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். அப்போது பெயர் முடிவாகவில்லை என்றால் அவசரப்பட்டு ‘மீனா’ என்று எதையாவது எழுதிவிட வேண்டாம். பெயர்க் கட்டத்தை வெறுமனே விட்டுப் பதியலாம். பிறப்பைப் பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயர் சேர்க்கக் கட்டணம் இல்லை. அதன் பிறகு 15 ஆண்டு வரை தமிழ்நாட்டில் 200 ரூபாய் தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஒருமுறை ஏறிய பெயரை மாற்ற மட்டும் வழியில்லை. எழுத்துப் பிழையைப் பதிவாளர் திருத்துவார், ‘மீனா’வை ‘மீனாட்சி’ ஆக்கித் தர மாட்டார். அதற்கு அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு வெளியிட்டு, அந்தத் தாளைக் காலமெல்லாம் கூடவே சுமக்க வேண்டியிருக்கும்.

முன்பெல்லாம் பிறப்புச் சான்றிதழில் ஒன்று, பள்ளியில் ஒன்று என்று இருந்தாலும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை வைத்துச் சமாளித்தார்கள். 2023 அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கும் பிறப்பு இறப்புப் பதிவுத் திருத்தச் சட்டப்படி, அந்தத் தேதியிலிருந்து பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், ஆதார், திருமணப் பதிவு எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே அடிப்படை. இப்போது தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கு, அதில் ஏறும் எழுத்துதான் எழுத்து.

ஏறும் எழுத்து எது என்பதில்தான் மீனாட்சிகள் அதிகம் அவதிப்படுகிறார்கள். நம் சான்றிதழில் தமிழும் ஆங்கிலமும் இருக்கும். தமிழில் ‘ட்சி’ எழுதுகிறோம். அதைப் பார்த்து ஆங்கிலத்தில் எழுதுபவர் எம்-இ-இ-என்-ஏ வரைக்கும் ஒழுங்காக வந்துவிட்டு, அடுத்து ‘டி-சி-எச்-ஐ’ போடுகிறார். வடமொழி வடிவத்தை மனதில் வைத்தவர் ‘கே-எஸ்-எச்-ஐ’ போடுகிறார். இரண்டுமே ஒன்பது எழுத்து. வேறுபடுவது ஆறாவதும் ஏழாவதும் மட்டும்தான். அதனால் கண்ணுக்குச் சட்டென்று தட்டாது. பள்ளியில் ஒன்று, வங்கியில் ஒன்று என்று ஏறி, ஆதாரோடு பான் அட்டையை இணைக்கும்போதோ வைப்புநிதியை எடுக்கப் போகும்போதோதான் கணினி ‘பெயர் பொருந்தவில்லை’ என்று திருப்பி அனுப்பும். மகாராஷ்டிரத்தில் வழக்கமான, ‘இ-இ’க்குப் பதில் ஒற்றை ‘ஐ’ வரும் எட்டெழுத்து வடிவம் ஒன்றும் உண்டு, அது கலந்தால் குழப்பம் மூன்றாகும்.

புதிதாகப் பெயர் வைப்பவர்களுக்கு என் சிபாரிசு ‘கே-எஸ்’. காரணம் இலக்கணம் அல்ல. பெயரைக் காதால் கேட்டுத் தட்டச்சு செய்யும் வெளிமாநில ஊழியர் பழக்கத்தில் அதைத்தான் அடிப்பார். நீங்கள் ‘டி-சி’ என்றால் ஒவ்வொரு முறையும் தொலைபேசியில் எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டும். ஆனால் ஏற்கெனவே எல்லா ஆவணத்திலும் ‘டி-சி’ ஒரே மாதிரி இருந்தால் அதைத் தொடாதீர்கள். ஆதாரில் பெயர்த் திருத்தம் வாழ்நாளில் இரண்டு முறைதான். அழகுக்காக அதில் ஒன்றைச் செலவழிக்கக் கூடாது.

எண் கணிதக்காரர்கள் இங்கே புகுந்து விளையாடுகிறார்கள். ஆங்கில எழுத்துக்கு ஓர் எண் என்று அவர்கள் வைத்திருக்கும் பட்டியலில் ‘கே-எஸ்’ வடிவத்தைக் கூட்டினால் 31, அதாவது 4. அது ஆகாது என்பார்கள். ‘டி-சி’ வடிவம் 33, அதாவது 6. பிரமாதம் என்பார்கள். ‘கே-எஸ்’ஸே வேண்டும் என்று அடம்பிடித்தால் நடுவில் இன்னொரு ‘ஏ’ சேர்த்து 32 ஆக்கி 5இல் முடிப்பார்கள். பத்து எழுத்துள்ள அந்த மீனாட்சிதான் இருப்பதிலேயே சிக்கலானவள். ஏதாவது ஓர் அலுவலகத்தில் யாராவது ஒருவர் ‘ஏ ரெண்டு வாட்டி விழுந்திடுச்சு’ என்று ஒன்றை அழித்துவிடுவார். நம்பிக்கை உள்ளவர்கள் கூட்டிப் பார்ப்பதை நான் தடுக்கவில்லை. அதைப் பெயர் பதியும் முன் பாருங்கள், பள்ளியில் சேர்த்த பிறகு வேண்டாம்.

தமிழ் எழுத்திலும் ஒரு கண்ணி உண்டு. ஆதார் போன்றவற்றில் ஆங்கிலத்தை அடித்தால் தமிழ் தானாக வந்து விழும். ‘கே-எஸ்-எச்’ அடித்தால் வருவது ‘மீனாக்ஷி’, ‘மீனாட்சி’ அல்ல. அந்த ‘க்ஷ’வும் கூட்டெழுத்தாக ஒரு மாதிரியும், க், ஷ என்று பிரிந்து இன்னொரு மாதிரியும் வரும். படிக்க ஒன்றுபோல் இருந்தாலும், பிரிந்த வடிவில் ‘க்’குக்கும் ‘ஷ’வுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத பிரிப்புக் குறி ஒன்று நிற்கும், கணினித் தேடலுக்கு அவை வெவ்வேறு பெயர்கள். ஒப்புகைச் சீட்டில் கையெழுத்துப் போடும் முன் தமிழ் வரியையும் படித்துப் பார்த்து, ‘ட்சி’ என்று கையால் அடிக்கச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முன் பள்ளியில் காட்டும் பெயர்ப் பட்டியலிலும் இதே வேலையைச் செய்ய வேண்டும். முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று தமிழக அரசு 2021 டிசம்பரில் உத்தரவிட்டிருப்பதால், தமிழ் வரியில் ‘எம்.’ போட்டிருந்தால் அதையும் அப்போதே ‘மு.’வோ ‘மா.’வோ ஆக்கிவிடலாம்.

கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமனே விடுவது நம்மவர் பழக்கம். ஒற்றைப் பெயரோடு அமெரிக்க விசா வாங்கினால் ‘மீனாட்சி’ குடும்பப் பெயர் ஆகிவிடும். இயற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யு.’ (‘முதல் பெயர் தெரியவில்லை’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று மூன்று எழுத்து நிற்கும். ஐக்கிய அரபு அமீரகமும் 2022 நவம்பரிலிருந்து ஒற்றைப் பெயர்க் கடவுச்சீட்டுகளுக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. முன்னெழுத்தை விரித்துத் தகப்பனார் பெயரையோ தாயார் பெயரையோ அந்தக் கட்டத்தில் போட்டுவிட்டால் மீனாட்சி தன் இடத்தில் மீனாட்சியாகவே இருப்பாள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பெயர்ப் பட்டியல் வெளியிடும்போது பொருளையும் நட்சத்திரத்தையும் மட்டும் போடாமல், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் வழக்கிலுள்ள ஆங்கில எழுத்துக்கூட்டு எத்தனை, எது அதிகம் புழங்குகிறது என்று ஒரு கட்டம் சேர்த்து அச்சிடுங்கள். மீனாவை மீனாட்சிக்குக் கீழே, அடைப்புக்குறிக்குள் போட்டால் போதும்.

இப்படிக்கு,
வாசகர்,
காரைக்குடி.