மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அலமாரிக்காக ஒரு வேண்டுகோள்

நம் பள்ளியில் படித்தவர்களுக்கும், பிள்ளைகளைப் படிக்க வைப்பவர்களுக்கும், இங்கே பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்கும் வணக்கம். பள்ளியின் பழைய ஆவணங்களைக் காப்பாற்ற உங்கள் நன்கொடையைக் கேட்டு எழுதுகிறோம்.

பள்ளியின் வரலாற்றை ஒரு மலராகக் கொண்டுவரத்தான் இந்தக் குழு முதலில் கூடியது. தலைமையாசிரியர்கள் பட்டியல், வாங்கிய கோப்பைகள், பேர் சொல்லும்படி வளர்ந்த பழைய மாணவர்களின் படங்கள். இதில் என்ன பெரிய வேலை என்று நினைத்தோம். விவரம் தேடி மாடிப்படிக்குக் கீழே உள்ள சாமான் அறையைத் திறந்தோம். உடைந்த பெஞ்சுகளுக்குப் பின்னால் ஒரு மர அலமாரி, அடித்தட்டு ஈரத்தில் ஊறி உப்பிப்போய் நின்றது. உள்ளே பள்ளி தொடங்கிய நாள் முதலான சேர்க்கைப் பதிவேடுகள், மாணவர்களின் கையெழுத்துப் பத்திரிகைகள், ஆண்டு விழாவைப் பதிவு செய்த ஒலிநாடாக்கள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட குழுப் படங்கள். மலர் வேலையை அன்றோடு நிறுத்தி வைத்துவிட்டோம்.

அந்தப் பதிவேடுகளைப் புரட்டியவர்களுக்கு ஏன் என்று புரியும். 'பெற்றோர் தொழில்' என்ற கட்டத்தை மட்டும் வரிசையாகப் படித்தாலே போதும். முதல் பதிவேட்டில் பக்கத்துக்குப் பக்கம் விவசாயம். பிறகு ரயில்வே, ஆலை, கட்டட வேலை என்று மாறுகிறது. அப்புறம் அலுவலக வேலைகள் வருகின்றன. வெகுகாலம் வெறுமையாக விடப்பட்ட தாயின் தொழில் கட்டம் மெல்ல மெல்ல நிரம்புகிறது. 'முன்பு படித்த பள்ளி' என்ற இடத்தில் எங்கெங்கோ உள்ள ஊர்களின் பெயர்கள். நகரத்தின் கதையை எழுதி வைக்க ஆட்கள் இருப்பார்கள், கிராமத்தின் கதையைச் சொல்லப் பெரியவர்கள் இருப்பார்கள். புறநகருக்கு இரண்டும் இல்லை. வேறெங்கிருந்தோ வந்து குடியேறியவர்கள்தான் நாம் எல்லோரும். நாம் வந்த கதை ஒரே இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்றால் அது இந்த அலமாரியில்தான்.

சாதனைகளைப் பற்றியும் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறோம். நம் கோப்பை அலமாரி சின்னது. நுழைவுத் தேர்வு வைத்துப் பொறுக்கி எடுக்கும் பள்ளிகளோடு அதை ஒப்பிடுவதில் எங்களுக்கு ஆர்வமும் இல்லை. பொதுப்பள்ளி என்றால் வருகிறவர்களைச் சேர்த்துக்கொள்வது. அது சுலபமாக வந்த வழக்கமல்ல. அமெரிக்காவின் முதல் பொது உயர்நிலைப் பள்ளி 1821-இல் பாஸ்டன் நகரில் திறக்கப்பட்டபோது அது ஆண்களுக்கு மட்டுமே. பெண்களுக்கென்று 1826-இல் ஒன்று திறந்தார்கள். சேர வந்தவர்கள் கூட்டம் தாங்கவில்லை, செலவும் ஆகும் என்று 1828-இலேயே மூடிவிட்டார்கள். உயர்நிலைப் பள்ளிக்கு வரிப்பணத்தைச் செலவிடலாமா என்ற வழக்கு மிச்சிகன் மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 1874-இல்தான் செலவிடலாம் என்று தீர்ப்பானது. நம் பள்ளியின் முதல் குழுப் படத்தில் மாணவிகள் எல்லோரும் ஒரே பெஞ்சில் அடங்கிவிடுகிறார்கள். பிந்தைய படங்களில் அவர்களுக்கு இரண்டு வரிசை போதவில்லை. எங்கள் கணக்கில் பெரிய சாதனை இதுதான், அதற்குச் சான்று அந்தப் படங்கள்தான்.

சரி, பணம் எதற்கு? 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு மரக்கூழில் செய்த மலிவான காகிதத்தில் அமிலம் இருக்கும். அது தானாகவே பழுத்து நொறுங்கும். நனைந்த காகிதத்தில் இரண்டு நாளுக்குள் பூஞ்சை பிடிக்கலாம். ஸ்டேப்ளர் கம்பிகள் துருப்பிடித்துத் தாளைத் தின்றிருக்கின்றன. யாரோ நல்லெண்ணத்தில் சில சான்றிதழ்களை லேமினேட் செய்திருக்கிறார்கள், அதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. ஒட்டிப்போன படங்களைக் கையால் இழுத்தால் முகம் உரிந்து வந்துவிடும். அதற்கெல்லாம் பயிற்சி பெற்ற ஆவணப் பாதுகாப்பாளர் வேண்டும், கூலி கொடுக்க வேண்டும். ஒலிநாடாவின் பூச்சு உதிர்வதற்குள் அதை எண்ம (டிஜிட்டல்) வடிவத்துக்கு மாற்ற வேண்டும்.

பதிவேடுகளை 400 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 400 புள்ளிகள்) அளவில் ஸ்கேன் செய்து மூன்று பிரதிகள் எடுப்போம். அவை இரண்டு வகைச் சேமிப்பில் இருக்கும், ஒன்று பள்ளிக்கு வெளியே இருக்கும். மூலங்களை அமிலமற்ற பெட்டிகளில் வைத்து, நூலகத்தை ஒட்டிய முதல் மாடி அறைக்குக் கொண்டுபோவோம். அந்த அறையைத் தரப் பள்ளி நிர்வாகம் ஒப்புக்கொண்டுவிட்டது. அலமாரி, மின்விசிறி, ஈரப்பதம் காட்டும் கருவி ஆகியவை நம் பொறுப்பு. மதிப்பெண், முகவரி போன்ற தனிப்பட்ட விவரங்கள் யார் பார்வைக்கும் வைக்கப்பட மாட்டா.

தொகைக்குக் கீழ்வரம்பு கிடையாது. ஒரு பதிவேட்டின் செலவை ஒருவர் ஏற்கலாம், ஒரு வகுப்புத் தோழர்கள் சேர்ந்து ஒரு பெட்டி ஒலிநாடாவை ஏற்கலாம். தனி நபர் யாரிடமும் ரொக்கம் கொடுக்க வேண்டாம். குழுவின் வங்கிக் கணக்கில் மட்டும் செலுத்தி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். செலவுக் கணக்கு மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். பெரிய தொகை தருபவர்களுக்குப் பளிங்குக் கல்வெட்டு வைக்கலாம் என்று குழுவில் ஒரு யோசனை வந்தது, கொஞ்சம் வாக்குவாதமும் நடந்தது. கடைசியில் வேண்டாம் என்று முடிவானது. கொடுத்தவர்கள் பெயர் அகர வரிசையில் ஒரு பதிவேட்டில் எழுதப்படும், தொகை இல்லாமல்.

பணம் தர முடியாதவர்களிடம் எங்களுக்கு வேறொன்று வேண்டும். அந்தக் குழுப் படங்களில் பாதிப் பேர் யாரென்று எங்களுக்குத் தெரியவில்லை. சனிக்கிழமை காலைகளில் நூலகத்தில் படங்களின் நகல்களைப் பரப்பி வைத்திருப்போம். வந்து பெயர் சொல்லுங்கள். வீட்டில் பழைய படம் இருந்தால் கொண்டுவாருங்கள், ஸ்கேன் செய்து கையோடு திருப்பித் தந்துவிடுவோம். பின்பக்கம் பெயர் எழுதுவதாக இருந்தால் மட்டும் பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும். மென்மையான முனையுள்ள பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள்.

இப்படிக்கு,
பள்ளி ஆவணக் குழு