ரெட்டிகுலேட்டட்னா என்னன்னு ஒரு வரி போட்டிருக்கலாமே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அறிவியல் பக்கத்துல மலைப்பாம்பு பத்தி வந்த கட்டுரை நல்லா இருந்துச்சு. உலகத்துலயே நீளமான பாம்பு, 6 மீட்டரையும் தாண்டி வளரும்னு எல்லாம் சொன்னீங்க, ஆனா 'ரெட்டிகுலேட்டட் பைத்தான்'னு பேரை மட்டும் அப்படியே தமிழ் எழுத்துல போட்டுட்டு அடுத்த வரிக்கு போயிட்டீங்க, பாம்போட அடையாளமே அந்த பேர்லதானே சார் இருக்கு.

லத்தீன்ல ரேட்டேன்னா வலை, ரெட்டிகுலம்னா குட்டி வலை. ரெட்டிகுலேட்டட்னா வலை பின்னின மாதிரி இருக்கறது, அவ்ளோதான். அந்த பாம்பு முதுகுல கறுப்பு கோடு குறுக்கும் நெடுக்குமா ஓடி நடுவுல கட்டம் கட்டமா விட்டிருக்கும் பாருங்க, அதான் வலை. கென்யா வடக்கு பக்கம் இருக்கற ரெட்டிகுலேட்டட் ஒட்டகச்சிவிங்கிக்கு வெள்ளை கோடுதான் வலை, பழுப்பு திட்டெல்லாம் வலைக்கண்ணு.

இது ஒண்ணு புரிஞ்சா பின்னாடியே நிறைய புரியும். பிளஸ் ஒன் பசங்க எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம்னு மனப்பாடம் பண்றாங்களே, அது செல்லுக்குள்ள இருக்கற வலை. மாட்டோட ரெண்டாவது இரைப்பை அறைக்கும் ரெட்டிகுலம்னுதான் பேரு, உள்பக்கம் பூரா தேன்கூடு மாதிரி அறை அறையா இருக்கும். பிளட் ரிப்போர்ட்ல வர்ற ரெட்டிகுலோசைட் இன்னும் முழுசா முதிராத சிவப்பணு, சாயம் போட்டு மைக்ராஸ்கோப்ல பார்த்தா உள்ள மிச்சம் இருக்கற ஆர்என்ஏ நீலமா வலை மாதிரி தெரியும். ரெட்டினாவும் இந்த குடும்பம்தான்னு சொல்வாங்க, நாம அதை விழித்திரைன்னு வெச்சிட்டோம், வலையை விட்டுட்டு திரையை புடிச்சிக்கிட்டோம், எனக்கு என்னவோ நம்ம பேர்தான் பொருத்தமா படுது ஏன்னா படம் விழறது அதுலதானே.

ஆனா விளக்கம் குடுக்கறேன்னு சாமுவேல் ஜான்சன் மாதிரி பண்ணிடாதீங்க. 1755ல வந்த அவரோட ஆங்கில அகராதியில நெட்வொர்க்குங்கற சின்ன வார்த்தைக்கு, சம இடைவெளி விட்டு ரெட்டிகுலேட்டட்டாவோ டெக்கசேட்டட்டாவோ (அதாவது X மாதிரி ஒண்ணை ஒண்ணு குறுக்க வெட்டிக்கிட்டு) இருக்கற எதுவும்னு அர்த்தம் எழுதினாரு, சரின்னு ரெட்டிகுலேட்டட்டை தேடிப் போனா அங்க நெட்வொர்க்கால ஆனதுன்னு போட்டிருக்கு! இதை சொல்லி இன்னிக்கு வரைக்கும் சிரிக்கறாங்க.

நமக்கு அந்த கஷ்டமே இல்ல. இலையில நரம்பு வலை மாதிரி ஓடறதுக்கு ஸ்கூல் புக்லயே வலைப்பின்னல் நரம்பமைப்புன்னு இருக்கு, ஒரு செம்பருத்தி இலையை வெளிச்சத்துல புடிச்சு பார்த்தா நடு நரம்புலேர்ந்து கிளை பிரிஞ்சு, கிளைக்குள்ள கிளை பிரிஞ்சு, கடைசியில பொடிப்பொடி கட்டமா மூடிக்கறது கண்ணுக்கே தெரியும். அதனால அடுத்த தடவை பேருக்கு பக்கத்துல 'வலைக்கோலம் கொண்ட'ன்னு ரெண்டு வார்த்தை போடுங்க, போதும்.

இன்னொண்ணு, அதிகம் பேசாதவங்களை இங்கிலீஷ்ல ரெட்டிசென்ட்னு சொல்றாங்களே, அது 'பேசாம இருக்கறது'ங்கற வேற லத்தீன் வேர்லேர்ந்து வந்தது, சத்தம் ஒரே மாதிரி இருக்குன்னு வலையோட முடிச்சு போட்டுடாதீங்க.

இப்படிக்கு,
உங்க பேப்பரை விடாம படிக்கற ஒரு வாசகர்