மருத்துவமனையில் தொற்றும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ரத்தத் தொற்றைக் கணக்கில் கொண்டுவரக் கோரும் மனு

அனுப்புநர்:
ஆய்வக நுட்பநர்,
மருத்துவமனை நுண்ணுயிரியல் பிரிவு.

பெறுநர்:
உயர்திரு சுகாதாரத் துறைச் செயலாளர் அவர்கள்.

பொருள்: மருத்துவமனையில் ஏற்படும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ரத்தத் தொற்று ஒவ்வொன்றையும் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பல ஆண்டுகளாக ரத்தக் கல்ச்சர், அதாவது நோயாளியின் ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்ற சோதனை, பார்த்து வருகிறேன். வார்டிலிருந்து வரும் பாட்டிலில் எந்தக் கிருமி வளர்கிறது, அது எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று சொல்வது என் வேலை. நோயாளியை நான் பார்ப்பதில்லை. படிவத்தில் இருக்கும் வயதும், அவர் சேர்ந்த தேதியும்தான் எனக்குத் தெரியும். அந்தத் தேதிகள்தான் என்னை இந்த மனுவை எழுத வைத்தன.

எலும்பு முறிவுக்காகச் சேர்ந்தவர், பிரசவத்துக்குச் சேர்ந்தவர். வந்த அன்று காய்ச்சல் இல்லை. ஐந்தாம் நாள் குளிரும் நடுக்கமும். பாட்டிலில் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ். சேர்ந்து 48 மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கும் தொற்றை மருத்துவமனையில் வந்ததாகவே கொள்வது வழக்கம். குணமாக வந்தவருக்கு நம்மிடம் வந்த இடத்தில் நோய் ஒட்டியிருக்கிறது.

இந்தக் கிருமி ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மூக்கில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருக்கும். கையில் போட்ட ஊசிக்குழாயோ, கழுத்து ரத்தக்குழாயில் போட்ட லைனோ வழி கொடுத்துவிட்டால் ரத்தத்துக்குள் போய்விடுகிறது. அப்புறம் இதய வால்வு, முதுகெலும்பு என்று போய் ஒட்டிக்கொள்ளும். சிகிச்சை கொடுத்தும் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் இறக்கிறார்.

பெனிசிலின் வகை மருந்தான மெத்திசிலின் 1959-ல் பயன்பாட்டுக்கு வந்தது. 1961-லேயே அதற்கு அடங்காத ஸ்டெஃபிலோகாக்கஸ் பிரிட்டனில் பதிவானது; அதைத்தான் எம்.ஆர்.எஸ்.ஏ. என்கிறோம். பெனிசிலின் வகை மருந்துகள் பற்றிக்கொள்ளும் புரதத்துக்குப் பதிலாக, மருந்துக்குப் பிடிகொடுக்காத இன்னொரு புரதத்தால் அது தன் செல்சுவரைக் கட்டிக்கொள்கிறது. மெத்திசிலினுக்கு அடங்குமா என்று பார்க்க வைக்கும் செஃபாக்சிடின் மருந்து வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் 22 மி.மீ. இருந்தால் மருந்து கேட்கும். 21 என்றால் எம்.ஆர்.எஸ்.ஏ. ஒவ்வொரு முறையும் அளவுகோலை இரண்டு தடவை வைத்துப் பார்ப்பேன். எம்.ஆர்.எஸ்.ஏ. என்றால் பெரும்பாலும் வான்கோமைசின்தான் கதி. அதற்கும் அடங்காத கிருமி 2002-ல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டுவிட்டது. 2019-ல் மட்டும் எம்.ஆர்.எஸ்.ஏ.வின் மருந்து எதிர்ப்பால் உலகில் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள்.

என்னை அதிகம் வருத்துவது தாமதமாக வரும் பாட்டில். ஆன்டிபயாடிக் முதல் டோஸ் ஏறிய பிறகு ரத்தம் எடுத்தால், உள்ளே கிருமி இருந்தும் பல நேரம் வளராது. ‘வளர்ச்சி இல்லை’ என்று எழுதித்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது. எது என்று தெரியாததால் வான்கோமைசின் தொடர்கிறது. மெத்திசிலினுக்கு அடங்கும் கிருமியாக இருந்தால் செஃபசோலின் அதைவிட நன்றாக வேலை செய்யும். அந்த நோயாளிக்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை.

ஒருமுறை ஒரே வார்டிலிருந்து ஒரே மாதத்தில் நான்கு எம்.ஆர்.எஸ்.ஏ. பாட்டில்கள் வந்தன. பொறுப்பில் இருந்தவரிடம் சொன்னேன். “சரி, இதை எங்கே எழுதுவது?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. எழுத ஒரு பதிவேடே இல்லை. அந்த நான்கு பேர் என்ன ஆனார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இங்கிலாந்தில் 2001 முதல் எம்.ஆர்.எஸ்.ஏ. ரத்தத் தொற்றைப் பதிவு செய்வது கட்டாயம். அடுத்த பத்தாண்டுகளில் எண்ணிக்கை பெருமளவு குறைந்தது. கை சுத்தமும் லைன் பராமரிப்பும் சேர்ந்து செய்த வேலை அது. ஆனாலும் எண்ணிக்கை வெளியே தெரிந்ததால்தான் அந்த வேலை நின்றுவிடாமல் நடந்தது என்று நம்புகிறேன்.

ஆகவே, மருத்துவமனையில் வரும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ரத்தத் தொற்று ஒவ்வொன்றையும், அது எம்.ஆர்.எஸ்.ஏ.வா இல்லையா என்பதோடு, மாதந்தோறும் துறைக்கு அனுப்ப உத்தரவிட வேண்டுகிறேன். முதல் டோஸுக்கு முன்பே கல்ச்சர் எடுக்கவும், பாட்டில்கள் எந்நேரமும் தட்டுப்பாடின்றிக் கிடைக்கவும் வழிசெய்ய வேண்டும். வான்கோமைசினுக்கு வில்லைச் சோதனை நம்பகமானதல்ல, எம்.ஐ.சி. (கிருமி வளராமல் தடுக்கும் மிகக் குறைந்த மருந்தளவு) பார்க்கும் வசதி ஆய்வகங்களுக்குத் தேவை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எண்ணிக்கை கூடினால் தண்டனை என்று ஆகிவிட்டால் கல்ச்சர் எடுப்பதையே குறைத்துவிடுவார்கள். எத்தனை கல்ச்சர் எடுத்தார்கள் என்பதும் அதே படிவத்தில் இருக்கட்டும். அதிகம் தேடி அதிகம் கண்டுபிடித்த மருத்துவமனையைக் குற்றவாளியாகப் பார்க்க வேண்டாம்.

தாங்கள் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆய்வக நுட்பநர்