டோர்க்கீயில் பிறந்த வீடு இல்லை. மருந்தகம் இருந்த கட்டடம் உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

துப்பறியும் நாவலாசிரியர் அகதா கிறிஸ்டிக்காக இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்து டோர்க்கீயில் நடக்கும் விழா பற்றிச் சென்ற இதழில் வந்த பயணக் கட்டுரையைப் படித்துவிட்டு, செப்டம்பரில் போய் வரலாமா என்று யோசிக்கும் வாசகர்கள் நிச்சயம் இருப்பார்கள். பிள்ளைகளைப் பார்க்க லண்டன் போகும் பெற்றோருக்கு அது மூன்று மணி நேர ரயில் பயணம்தான். அவர்கள் அங்கே போய் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்தக் கடிதம்.

முதலில் ஊர்ப்பெயர். கட்டுரையில் ‘டார்குவே’ என்று அச்சாகியிருக்கிறது. எழுத்துக்கூட்டினால் அப்படித்தான் வரும். ஊர்க்காரர்கள் சொல்வது ‘டோர்க்கீ’. பாடிங்டன் நிலையத்தில் அறிவிப்பைக் காதால் கேட்டு ரயில் ஏறப் போகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அடுத்த பிழை பெரியது. ‘அகதா பிறந்த மாளிகையைச் சுற்றிப் பார்க்கலாம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். 1890 செப்டம்பர் 15 அன்று அவர் பிறந்தது பார்ட்டன் சாலையில் இருந்த ஆஷ்ஃபீல்டு என்ற வீட்டில். அந்த வீட்டை 1960களில் இடித்துவிட்டார்கள். இன்று அங்கே இருப்பது ஒரு நீல நினைவுப் பலகை மட்டுமே. கட்டுரையாளர் வர்ணித்த வெள்ளை மாளிகை கிரீன்வே. அது டார்ட் நதிக்கரையில், டோர்க்கீக்கு வெளியே இருக்கிறது. 1938இல், தமது 48ஆம் வயதில், 6,000 பவுண்டுக்கு அவர் வாங்கிய விடுமுறை வீடு அது. இரண்டையும் குழப்பிக்கொண்டு டோர்க்கீ தெருக்களில் கிரீன்வேயைத் தேடினால் அரை நாள் வீணாகும்.

விழாவைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே வாசல், ஒரே சீட்டு என்று நம் ஊர்ப் பொருட்காட்சி போல அது நடப்பதில்லை. பிறந்தநாளை ஒட்டிய நாட்களில் சொற்பொழிவு, நாடகம், வழிகாட்டியுடன் நடை, கொலைப்புதிர் விருந்து என்று பல இடங்களில் தனித்தனியாக நடக்கும். ஒவ்வொன்றுக்கும் தனிச்சீட்டு. அரங்குகள் சிறியவை என்பதால் நல்ல சொற்பொழிவுகளுக்குச் சீட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும். நிகழ்ச்சி நிரலைப் பார்த்துச் சீட்டு வாங்கிய பிறகே விடுதி அறை பிடிப்பது நல்லது. பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, வந்த நாளில் எதற்கும் இடம் இல்லாமல் கடற்கரையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இனி என் முக்கியமான குறை. தொப்பி, முத்துமாலை, ஒட்டுமீசை என்று வேடிக்கையைப் பக்கம் பக்கமாக எழுதிய கட்டுரை, அந்த ஊர் அகதாவை எப்படி எழுத்தாளர் ஆக்கியது என்பதைத் தொடவே இல்லை. முதல் உலகப் போரின்போது டோர்க்கீ நகர மன்றக் கட்டடம் செஞ்சிலுவை மருத்துவமனையாக மாறியது. அகதா அங்கே தன்னார்வச் செவிலியராகச் சேர்ந்து, பிறகு மருந்தகத்துக்கு மாறி, 1917இல் மருந்தாளருக்கான தேர்வும் எழுதித் தேறினார். செஞ்சிலுவைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே இருப்பது 3,400 மணி நேரம். அந்தக் காலத்தில் மாத்திரைகள் உறையில் வரவில்லை. தராசில் நிறுத்து, கல்வத்தில் அரைத்து, கலவையாகவும் களிம்பாகவும் கையால்தான் செய்ய வேண்டும். பயிற்சிக்குப் போன இடத்தில் மருந்தாளர் ஒருவர் தசமப் புள்ளியை இடம் மாற்றிப் போட்டு மருந்தைப் பத்து மடங்கு ஆக்கிவிட்டதையும், எதிர்த்துச் சொல்ல முடியாத அகதா அந்தத் தட்டைத் தவறவிட்டதுபோல் கீழே தள்ளிக் காலால் மிதித்ததையும் அவரே தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். நஞ்சுக்கும் மருந்துக்கும் நடுவே ஒரு புள்ளிதான் இருக்கிறது என்பதை அவர் கற்ற இடம் மருந்தகம். அதே ஆண்டுகளில் ஊருக்குள் அடைக்கலம் வந்திருந்த பெல்ஜிய அகதிகளைப் பார்த்துத்தான் தம் துப்பறிவாளர் புவாரோவை பெல்ஜியர் ஆக்கினார்.

(அவருடைய முதல் நாவலான ‘தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்’ஸை இன்னும் படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகவும். கொலையாளியின் பெயர் இல்லை, வழி மட்டும் இருக்கிறது.) அக்காலத்தில் ஸ்ட்ரிக்னின் கலந்த ‘டானிக்’ சாதாரணமாகக் கொடுக்கப்பட்ட மருந்து. கரைசலாக இருக்கும்வரை ஒவ்வொரு வேளைக்கும் சிற்றளவே உள்ளே போகும். அதில் தூக்கத்துக்குத் தரும் புரோமைடு உப்பைச் சேர்த்தால் ஸ்ட்ரிக்னின் கரையாத படிகமாகிச் சில மணி நேரத்தில் அடியில் படிந்துவிடும். மேலே உள்ளதை ஊற்றிக் குடித்துக்கொண்டே வருபவர், கடைசி வேளையில் மொத்த நஞ்சையும் சேர்த்து விழுங்குகிறார். மருந்துப் புட்டியில் ‘நன்றாகக் குலுக்கவும்’ என்று எழுதுவதன் பொருள் இதைப் படித்தபின் வேறாகத் தெரியும். ஸ்ட்ரிக்னின் எடுப்பது நம் எட்டிக்கொட்டையிலிருந்துதான். ‘எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன’ என்று நாம் பழமொழியில் ஒதுக்கிவைத்த மரம் டெவன் மாவட்டத்து மருந்தகம் ஒன்றின் அலமாரிவரை போயிருக்கிறது. 1920இல் வெளியான அந்த நாவலை, நஞ்சைச் சரியாகக் கையாண்டதற்காக மருந்தியல் இதழ் ஒன்று பாராட்டியது. அகதாவுக்கு மிகவும் பிடித்த மதிப்புரை அது.

ஆகவே விழாவுக்குப் போகிறவர்கள் காஸில் சர்க்கஸ் என்ற சாலைச் சந்திப்பில் உள்ள அந்த நகர மன்றத்தின் முன் ஐந்து நிமிடமாவது நில்லுங்கள். பிறகு டோர் ஆபி. 1196இல் தொடங்கிய பழைய மடம் அது. ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. அங்கே அவர் கதைகளில் வரும் நச்சுத் தாவரங்களுக்கென்றே ஒரு தோட்டம் வைத்திருக்கிறார்கள். எதையும் தொடாதீர்கள், கிள்ளி முகராதீர்கள். நீலநிறப் பூப் பூக்கும் வத்சநாபி போன்ற செடிகளின் சாறு தோல்வழியாகவே உடம்பில் இறங்கும். குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். பாபகூம் சாலையில் உள்ள டோர்க்கீ அருங்காட்சியகத்தில் அகதாவுக்குத் தனிக்கூடம் உண்டு. துறைமுகத்திலிருந்து மேடேறிப் போக வேண்டும்; முட்டிவலி உள்ளவர்கள் பேருந்தில் போகலாம். கடலோரமாக கிராண்ட் ஹோட்டலிலிருந்து இம்பீரியல் ஹோட்டல்வரை போகும் ‘அகதா கிறிஸ்டி மைல்’ பெரும்பாலும் சமதரைதான். 1914 கிறிஸ்துமஸ் முந்தைய நாள் மணமுடித்து அவர் தேனிலவுக்கு வந்தது அந்த கிராண்ட் ஹோட்டலுக்கு. வழியில் பனைபோல் தெரிபவை பனை அல்ல, நியூசிலாந்திலிருந்து வந்த கார்டிலைன் செடிகள்.

கிரீன்வேக்குப் போவதில்தான் அதிகம் பேர் சிக்கிக்கொள்கிறார்கள். சாலை ஒரு வண்டி அகலம்தான். காரில் போனால் நிறுத்துமிடத்தை முன்பதிவு செய்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நல்ல வழி, டோர்க்கீக்குப் பக்கத்து ஊரான பெய்ன்டனிலிருந்து நீராவி ரயில். கிரீன்வே நிறுத்தத்தில் இறங்கப் போவதை முன்கூட்டியே கார்டிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் வண்டி நிற்காமல் கிங்ஸ்வேர் போய்விடலாம். இறங்கியபின் காட்டுவழியே சுமார் அரை மணி நடை, மழை பெய்திருந்தால் வழுக்கும். டார்ட்மத்திலிருந்து படகிலும் வரலாம். படகுத்துறையிலிருந்து வீட்டுக்கு ஏற்றம் செங்குத்து. இரண்டாம் உலகப் போரின்போது அந்த வீட்டில் தங்கியிருந்த அமெரிக்கக் கடலோரக் காவல்படை வீரர் ஒருவர் நூலக அறைச் சுவரின் மேல்விளிம்பில் தம் படையின் பயணத்தைச் சித்திரமாக வரைந்துவிட்டுப் போனார். அழித்துத் தருகிறோம் என்றபோதும் அகதா வேண்டாம் என்றுவிட்டார். அண்ணாந்து பாருங்கள், பலர் கவனிக்காமல் போகிறார்கள். ஆற்றோரப் படகுக் கொட்டகையையும் விட வேண்டாம். ஒரு நாவலில் பிணம் கிடக்கும் இடம் அதைப் பார்த்து எழுதியதுதான்.

‘பர் தீவையும் அன்றே பார்த்துவிடலாம்’ என்ற வரியை நீக்கிவிட வேண்டும். டோர்க்கீயிலிருந்து காரில் குறைந்தது ஒரு மணி நேரம். அகதாவின் இரண்டு நாவல்களுக்குக் களம் தந்த அந்தத் தீவுக்குக் கடல் வற்றியிருக்கும்போது மணல்மேல் நடந்து போகலாம். நீர் ஏறிவிட்டால் உயரமான சக்கரங்கள் வைத்த கடல் டிராக்டர்தான், அதுவும் கடல் கொந்தளித்தால் ஓடாது. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல். நாள்தோறும் ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப்போகும். அதனால் நேற்றைய நேரத்தை நம்பி இன்று இறங்கக் கூடாது. இன்னொரு கண்ணி: சில அட்டவணைகள் கிரீன்விச் நேரத்தில் இருக்கும், செப்டம்பரில் அங்கே கோடைகால நேரம் என்பதால் ஒரு மணி கூட்டிக்கொள்ள வேண்டும். இரவும் பகலும் சமமாகும் பருவம் வேறு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஆண்டின் பெரிய ஏற்றங்கள் அப்போதுதான் வரும். ஏவ்டன் கிஃபர்டு வழியாகக் குறுக்குப்பாதை காட்டும் கைப்பேசி வரைபடத்தை நம்பி, ஏற்றத்தில் மூழ்கும் ஆற்றோரச் சாலையில் காரை விட்டவர்களும் உண்டு. தீவு ஹோட்டலுக்குள் யாரை அனுமதிக்கிறார்கள் என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

ரயிலைப் பொறுத்தவரை, பாடிங்டனிலிருந்து நேரடி வண்டிகள் குறைவு. பெரும்பாலும் நியூட்டன் ஆபட்டில் மாற வேண்டும். எக்ஸெட்டர் தாண்டியதும் இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்தால் பாதை கடலை உரசிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். அதே காரணத்தால் புயல் நாட்களில் அந்தப் பாதை தடைபடும். 2014 பிப்ரவரியில் டாலிஷில் கடற்சுவரே இடிந்து தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது, இரண்டு மாதம் ரயில் இல்லை. இப்போது சுவரை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள் என்றாலும், கூரைமேல் மின்கருவி உள்ள சில வகை வண்டிகள் அலைநீர் பட்டால் நின்றுவிடும் என்பதால் எக்ஸெட்டரோடு நிறுத்தப்படுவது உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் பராமரிப்புக்காக ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவார்கள். விமானம் பிடிக்க வேண்டிய நாளுக்கு முந்தைய நாளே லண்டன் திரும்பிவிடுவது நல்லது.

பிறந்த வீடு, பர் தீவு பற்றிய இரண்டு திருத்தங்களையாவது வரும் இதழிலேயே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். செப்டம்பர் நிகழ்ச்சிகளுக்குச் சீட்டு வாங்குகிறவர்கள் அதற்கு முன்பே படித்தாக வேண்டும்.

அன்புடன்,
வாசகர் ஒருவர்
ஈஸ்ட் ஹாம், லண்டன்